கோலாவுக்கு 40, மாம்பழ ஜூஸுக்கு 5

அன்புள்ள செல்வா,

கடிதம் கிடைத்தது. தலைமையாசிரியர் ஆனதற்கு வாழ்த்து. நாற்காலியில் உட்கார்ந்ததுமே பள்ளி வாசல் கடையோடு மல்லுக்கட்ட ஆரம்பித்துவிட்டாய் போலிருக்கிறது. "பாட்டிலுக்கு 40 சதவீதம் வரி வாங்குகிறார்கள், ஆனாலும் கூட்டம் குறையவில்லை, இந்த வரியால் யாருக்கு என்ன லாபம்?" என்று கேட்டிருந்தாய். கெட்ட தீனிக்கு வரி போட வேண்டும் என்பதுதான் என் கட்சி. ஆனால் நம் ஊரில் போட்டிருப்பது அந்த வரியே இல்லை.

அந்தக் கடையில் மூன்று பானங்களை வாங்கி, பின்பக்கத்துப் பொடி எழுத்தைப் படித்துப் பார். சாதாரண கோலாவில் 100 மில்லிக்குச் சுமார் 10.6 கிராம் சர்க்கரை இருக்கும். 250 மில்லி பாட்டில் என்றால் 26 கிராமுக்கு மேல், அதாவது ஐந்து டீஸ்பூன் தாராளமாக. 'ஜீரோ' என்று போட்ட கோலாவில் சர்க்கரையே கிடையாது. மாம்பழ பானத்தில் பெரும்பாலும் 12 முதல் 15 கிராம் வரை இருக்கும். இப்போது வரியைப் பார்: சர்க்கரை போட்ட கோலாவுக்கு 40 சதவீதம், சர்க்கரையே இல்லாத கோலாவுக்கும் அதே 40, கோலாவைவிட இனிப்பான மாம்பழ பானத்துக்கு 5! 2025 செப்டம்பர் 22க்கு முன்பு அது 12 ஆக இருந்தது, இறக்கியே விட்டார்கள். 'பழம்' என்ற பெயருக்குக் கிடைத்த சலுகை இது. அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ள எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) விதிப்படி 10 சதவீதம் பழச்சாறு போதும், எலுமிச்சை என்றால் 5.

கோலாவின் 40கூட புதிதில்லை. முன்பு 28 சதவீத ஜிஎஸ்டி, அதன் மேல் 12 சதவீத செஸ் (கூடுதல் வரி) என்று இரண்டாக வாங்கியதை ஒன்றாக்கியிருக்கிறார்கள், அவ்வளவுதான். காஸ் அடைத்ததா, பழம் சேர்த்ததா, பாக்கெட்டில் வருகிறதா என்றுதான் நம் வரி பார்க்கிறது. சர்க்கரை எவ்வளவு என்று கேட்பதே இல்லை. 2024இல் கோவையில் ஓட்டல்காரர் ஒருவர் நிதியமைச்சரிடமே சொன்னாரே, பன்னுக்கு வரி இல்லை, உள்ளே கிரீம் வைத்தால் 18 சதவீதம் என்று. எல்லோரும் சிரித்தோம். கோளாறு அதே இடத்தில்தான் இருக்கிறது.

பிரிட்டன்காரர்கள் இதை வேறு மாதிரிச் செய்தார்கள். 2016 மார்ச்சில் அறிவித்து, 2018 ஏப்ரல் 6இல் அமலுக்குக் கொண்டுவந்தார்கள். 100 மில்லிக்கு 5 கிராமுக்குக் கீழே இருந்தால் வரி இல்லை. 5 முதல் 8 வரை லிட்டருக்கு அப்போது 18 பென்ஸ் (100 பென்ஸ் ஒரு பவுண்டு), 8க்கு மேல் 24 பென்ஸ். கட்ட வேண்டியவர் கடைக்காரர் அல்ல, பாட்டிலில் அடைப்பவரும் இறக்குமதி செய்பவரும். வருஷத்துக்கு 10 லட்சம் லிட்டருக்குக் குறைவாக அடைக்கும் சின்னக் கம்பெனிகளுக்கு விலக்கு. வாங்குபவன் மனம் மாறட்டும் என்று அவர்கள் காத்திருக்கவில்லை. தயாரிப்பவனுக்கு ஒரு கோட்டைக் காட்டி, "இதற்குக் கீழே வந்துவிடு, ஒரு பைசா கட்ட வேண்டாம்" என்று சொல்லி, அதற்கு இரண்டு வருஷம் அவகாசமும் கொடுத்தார்கள்.

அந்த இரண்டு வருஷத்துக்குள் வேலை முக்கால்வாசி முடிந்துவிட்டது. ஸ்காட்லாந்தின் ஐயர்ன்-புரூ என்ற சோடா 10.3 கிராமிலிருந்து 4.7க்கு இறங்கியது, பழைய ருசி போய்விடும் என்று ஜனங்கள் பெட்டி பெட்டியாக வாங்கிப் பதுக்கினார்கள். லூகோசேட், ரிபீனா போன்ற பிரபல பானங்கள் எல்லாம் 5க்குக் கீழே வந்தன. கோகோ கோலா மட்டும் ருசியில் கை வைக்காமல் வரியைக் கட்டியது. பெப்சி 2023 வரை தாக்குப்பிடித்துவிட்டு 10.9இலிருந்து 4.55க்கு இறங்கியது. முதலில் வருஷத்துக்கு 52 கோடி பவுண்டு வரும் என்று கணக்குப் போட்டவர்களுக்கு முதல் வருஷம் அதில் பாதிகூட வரவில்லை. இந்த வரியைப் பொறுத்தவரை கல்லா காலியாக இருந்தால்தான் அது வேலை செய்கிறது என்று அர்த்தம்.

குறை இல்லாமல் இல்லை. கோடு 5இல் போட்டால் எல்லோரும் 4.5இல், 4.9இல் வந்து உட்கார்ந்துகொள்கிறார்கள். அதனால்தான் 2028 ஜனவரி முதல் கோட்டை 4.5க்கு இறக்கப் போகிறார்கள்; இதுவரை விலக்குப் பெற்றிருந்த இனிப்புப் பால் பானங்களையும் உள்ளே கொண்டுவருகிறார்கள். இன்னொன்று, எடுத்த சர்க்கரைக்குப் பதிலாக அஸ்பார்டேம், சுக்ரலோஸ் என்று ஏதோ ஒரு செயற்கை இனிப்பு போகிறது. சர்க்கரை குறைகிறது, ஆனால் பிள்ளைகளின் நாக்கு அதே தித்திப்பில்தான் ஊறிக்கிடக்கிறது.

விலையின் மேல் சதவீதம் போடுவதைவிடக் கிராமுக்கு இவ்வளவு என்று போடுவது இன்னும் நேர். இலங்கையில் 2017 நவம்பரில் அப்படித்தான் ஒரு கிராம் சர்க்கரைக்கு அவர்கள் காசில் அரை ரூபாய் என்று போட்டார்கள், பிறகு கம்பெனிகளின் கூப்பாட்டில் குறைத்தார்கள். நம் ஊரில் கிராமுக்கு 10 பைசா என்று வைத்துக்கொள். 250 மில்லி கோலாவுக்கு 2 ரூபாய் 65 பைசா. 100 மில்லிக்கு 13 கிராம் சர்க்கரையுள்ள 160 மில்லி மாம்பழ டப்பாவுக்கு 2 ரூபாய் 8 பைசா. ஜீரோவுக்கு ஒன்றுமில்லை. சேர்த்த சர்க்கரை எவ்வளவு என்று லேபிளில் அச்சிட வேண்டும் என்பது 2020 விதியிலேயே இருக்கிறது, எனவே அளக்கப் புதிதாக ஒரு துறை தேவையில்லை. மதிப்பின் மேல் சதவீதம் என்பது ஜிஎஸ்டியின் அடிப்படை. கிராம் கணக்கு அதற்குள் அடங்காது, தனியாக ஒரு தீர்வையாகத்தான் கொண்டுவர முடியும். இழுபறி அங்கேதான்.

நீ கேட்ட சிப்ஸ், பிஸ்கட், முறுக்குக்கு வருகிறேன். இங்கே கை வைத்தவர்கள் பலர் சுட்டுக்கொண்டார்கள். டென்மார்க் 2011 அக்டோபரில் நிறைவுற்ற கொழுப்புக்கு (இதயத்துக்குக் கெடுதல் என்று சொல்லும் வகை) கிலோவுக்கு அவர்கள் நாணயத்தில் 16 குரோனர் போட்டது. 2.3 சதவீதத்துக்கு மேல் அந்தக் கொழுப்பு இருந்தால் வரி. மாட்டிக்கொண்டது வெண்ணெயும் சீஸும் இறைச்சியும். ஜனங்கள் காரை எடுத்துக்கொண்டு எல்லை தாண்டி ஜெர்மனியில் வாங்கி வந்தார்கள். 2013 ஜனவரியோடு சங்கதி முடிந்தது. அதையே இங்கே போட்டால் முறுக்குக்கு முன்னால் நெய்யும் தேங்காய் எண்ணெயும்தான் அகப்படும். கேரளா 2016இல் பிராண்டு ஓட்டல்களின் பர்கர், பீட்சாவுக்கு 14.5 சதவீதம் போட்டது. பரோட்டாவையும் நேந்திரம் சிப்ஸையும் தொடவே இல்லை. அடுத்த வருஷம் ஜிஎஸ்டி வந்து அதையும் விழுங்கிவிட்டது.

நம் ஊருக்கே உரிய சிக்கல் ஒன்று உண்டு, 5 ரூபாய்ப் பாக்கெட். பிஸ்கட் வரி 18இலிருந்து 5க்கு இறங்கியபோது, 5 ரூபாய்ப் பாக்கெட்டை 4 ரூபாய் 45 பைசாவுக்கு விற்க வேண்டும். சில்லறைக்கு எங்கே போவது? அதனால் பல கம்பெனிகள் விலையை அப்படியே விட்டு எடையைக் கூட்டின. கணக்குப்படி 50 கிராம் இருந்த பாக்கெட்டில் 56 கிராம் வரும். சிப்ஸ், மிக்சர் வகைகளுக்கும் வரி 12இலிருந்து 5 ஆகிவிட்டது. வரியைக் குறைத்தால் பிள்ளை கூடுதலாகத் தின்கிறான், கூட்டினால் பாக்கெட் இளைக்கிறது. சின்னப் பாக்கெட்டைப் பொறுத்தவரை அப்படி இளைப்பதே நல்ல பலன் என்பேன். இரண்டாவது பாக்கெட் வாங்கக் கையில் காசு இருக்காது.

எண்ணெய்க் கதை இன்னும் வேடிக்கை. கடைத் தீனி பலவும் பாமாயிலில்தான் பொரிகிறது, அதில் ஏறக்குறைய பாதி நிறைவுற்ற கொழுப்பு. கச்சா பாமாயிலின் அடிப்படை இறக்குமதி வரியை 2025 மே கடைசியில் 20இலிருந்து 10 ஆக்கினார்கள். ரேஷனில் லிட்டர் 25 ரூபாய்க்கு நாமே கொடுக்கிறோம், சர்க்கரையும் கூடவே. ஏழை வீட்டு அடுப்பை நினைத்தால் அதை நிறுத்தச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பாமாயிலுக்குப் பதில் ரேஷனில் கடலை எண்ணெய் கொடு என்று சிலர் கேட்கிறார்களே, அது நியாயம். தேங்காய் எண்ணெய் கேட்பவர்கள்தான் அதில் அந்தக் கொழுப்பு பாமாயிலைவிட அதிகம் என்பதை மறந்துவிடுகிறார்கள்.

டீக்கடை வடைக்கும் தள்ளுவண்டிக்கும் எந்த வரியும் எட்டாது. லேபிளும் இல்லை, பில்லும் இல்லை. உன் பள்ளி வாசலுக்கு வரியைவிடக் கைக்கெட்டியது வேறொன்று இருக்கிறது. பள்ளிக்கு உள்ளேயும், வாசலிலிருந்து 50 மீட்டருக்குள்ளேயும் கொழுப்பு, சர்க்கரை, உப்பு மிகுந்த தீனி விற்கக்கூடாது என்பது எஃப்எஸ்எஸ்ஏஐயின் 2020 விதி. டேப்பை எடுத்து அளந்து பார். 50க்குள் வந்தால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு அலுவலருக்கு எழுது, நகலை உன் கோப்பில் வை. கடைக்காரரிடம் முதலில் நீயே பேசிப் பார். கடலை மிட்டாயும் சுண்டலும் விற்றாலும் அவருக்குக் காசு வரும்.

அந்த மூன்று லேபிளையும் போட்டோ எடுத்து அனுப்பு, மாம்பழ டப்பாவை மறந்துவிடாதே. வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ரவி