நிபோங் தெபால் நாயனக்கார மாமாவுக்கு

அன்புள்ள மாமா,

உங்கள் பதினாறாம் நாள் காரியமும் முடிந்துவிட்டது. அன்றைக்கு வீட்டு வாசலில் போட்டிருந்த கூடாரத்துக்குக் கீழே ஆளாளுக்கு ஒரே பேச்சுதான். "இந்த மனுசன் மட்டும் தஞ்சாவூர்ப் பக்கம் பொறந்திருந்தா எங்கேயோ போயிருப்பாரு." தவில்காரர் சொன்னார், கோயில் ஆட்கள் சொன்னார்கள், உங்களை ஒரு நாளும் வாசித்துக் கேட்டிராத பக்கத்துத் தாமான் குடியிருப்புக்காரரும் சொன்னார். நானும் தலையாட்டினேன். வீட்டுக்கு வந்து படுத்த பிறகு அந்தத் தலையாட்டல் உறுத்த ஆரம்பித்தது. எங்கேயோ என்றால் எங்கே? யாராவது உங்களிடம் கேட்டிருக்கிறார்களா? அதனால்தான் இதை எழுதுகிறேன்.

நீங்கள் பிறந்தது இங்கே மலேசியாவில், ரப்பர் தோட்டத்து லயத்தில். அப்பா அம்மா இரண்டு பேருமே பால்வெட்டு. தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு ஊரிலிருந்து வந்திருந்த ஒரு நாயனக்காரரிடம் கற்றுக்கொண்டதாகச் சொல்வீர்கள். ஊர் என்றால் நம் பெரியவர்களுக்கு இந்தியாதானே. அவர் திரும்பிப் போகும்போது உங்களையும் கூப்பிட்டாராம். நீங்கள் போகவில்லை. தங்கச்சி இருவரும் அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தார்கள் என்று ஒரே வரியில் முடித்துவிடுவீர்கள். அதற்கு மேல் கேட்டால் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவ ஆரம்பித்துவிடுவீர்கள்.

அப்புறம் பிறை ஊரில் தொழிற்சாலை வேலை. காலை ஷிப்ட் முடிந்து மோட்டார் சைக்கிளில் வந்து, பால் இல்லாத தே ஓ ஒரு கிளாஸ் குடித்துவிட்டு, நாயனப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கிரியான் ஆற்றங்கரைக்குப் போவீர்கள். நாயனம் தெருவுக்கும் கோயில் பிரகாரத்துக்கும் செய்த வாத்தியம். நான்கு சுவருக்குள் ஊதினால் காது கிழிந்துவிடும். அடுத்த வீட்டு மலாய்க் குடும்பத்தில் கைக்குழந்தை வேறு. அதனால் ஆறுதான் உங்களுக்குச் சாதக அறை. நான் தாளம் தட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருப்பேன். கொசு பிடுங்கும். இருட்டினதும் எதிர்க்கரை மரங்களில் மின்மினி ஏறும். அதைப் பார்க்க இப்போது படகு வைத்துச் சுற்றுப்பயணிகளைக் கூட்டிப் போகிறார்கள். அன்று அது நமக்கு வீட்டுக்குக் கிளம்பும் மணி, அவ்வளவுதான். மின்மினி தெரிந்ததும் தோடி நடுவில் இருந்தாலும் நிறுத்திவிடுவீர்கள். "பிள்ளைங்க சாப்பிடாம உட்கார்ந்திருக்கும், எழுந்திருடா."

வீட்டில் நீங்கள் நாயனம் எடுத்து நான் பார்த்ததே இல்லை. ஒரு தடவை பார்த்தது வேறு. சின்னவளுக்குக் காய்ச்சல். உங்கள் மடியில் தூங்கிவிட்டாள். நீங்கள் தொலைக்காட்சியில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தீர்கள், ஆனால் விரல்கள் அவள் கைமேல் ஓடிக்கொண்டிருந்தன. மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை ஏழு துளை இருப்பது போல ஒவ்வொன்றாகத் திறந்து மூடிக்கொண்டிருந்தீர்கள். எந்த ராகம் என்று விரலைப் பார்த்துக் கண்டுபிடிக்கப் பார்த்தேன், பிடிபடவில்லை. அத்தை சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து, "நீலாம்பரிடா, தினமும் அதான்" என்றார்கள். ஒரு சத்தமும் வராத வாசிப்பில் ராகம் தெரிந்த ஒரே ஆள் அத்தை.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். கோலாலம்பூரில் ஒரு பெரிய கல்யாணம், இரண்டு நாள், போகவர வேன், நல்ல பணம். தாளக்காரனுக்கே நூற்றைம்பது வெள்ளி. நான் அதில் வாங்கப்போகும் கால் சப்பாத்துவரை முடிவு செய்துவிட்டேன். நீங்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள். ஏனென்றால் அந்த வாரம் பெரியவளுக்குப் பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். தேர்வு எழுதப்போவது அவள், நீங்களா என்று முணுமுணுத்தேன். அந்த இரண்டு நாளும் அவளை மோட்டாரில் கொண்டுபோய் விட்டுவிட்டு, பள்ளி எதிரே ஒட்டுக்கடையில் மத்தியானம்வரை உட்கார்ந்திருந்தீர்களாம். எதற்கு என்று கேட்டதற்கு, "பேனா தீர்ந்துபோச்சுன்னா?" என்றீர்கள். அந்தப் பதிலுக்கு எனக்கு இன்னும் எரிச்சல் வருகிறது. கூடவே சிரிப்பும்.

பினாங்குத் தீவுக்கு வாசிக்கப் போகும் நாட்கள்தான் எனக்குப் பிடித்தவை. கடல் தாண்டும் பழைய பெரிக் கப்பல், மேல்தளம், கால் மணி இருபது நிமிடக் காற்று. உட்கார்ந்ததும் நாயனத்து ஊதுவாயான சீவாளிகள் இருக்கும் பெட்டியைத் திறப்பீர்கள். பழைய மைலோ டின், உள்ளே வேட்டித் துணி. காவிரிக் கரைக் கொருக்கை நாணலில் செய்து திருவாவடுதுறையிலிருந்து வந்த சீவாளிகள். ஒவ்வொன்றாக எடுத்து உதட்டில் வைத்து நனைத்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்து வாய் எவ்வளவு திறந்திருக்கிறது என்று பார்ப்பீர்கள். பிறகு நாயனத்தில் மாட்டாமலே ஒரு ஊது. வாத்து கத்துவது போல இருக்கும். சீன ஆச்சிகள் திரும்பிப் பார்ப்பார்கள், பிள்ளைகள் சிரிப்பார்கள். எவ்வளவு நேரம் நனைக்கணும், எப்போது தயார் என்று நான் கேட்டால் "அது சொல்லும்" என்பீர்கள். எனக்கு அந்த வாத்துச் சத்தத்துக்கு மேல் ஒன்றும் கேட்டதில்லை.

அந்த டின்னை ஒரு தைப்பூசத்துக்கு முதல் நாள் நான் கீழே போட்டேன், ஞாபகம் இருக்கிறதா? நன்றாகப் பழகி வந்திருந்த சீவாளி உதடு பிளந்துவிட்டது. அடி விழும் என்று நின்றேன். நீங்கள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "சரி, இன்னிக்கு கழுத்து நரம்பு புடைக்கும்" என்று மட்டும் சொன்னீர்கள். புடைத்தது. புதுச் சீவாளி, முரடு. கோயில் வீட்டிலிருந்து ரதம் நகரும்போது கம்பீர நாட்டை ராகத்தில், சாமி புறப்பாட்டுக்கு வாசிக்கும் மல்லாரியைத் தொடங்கினீர்கள். ரதத்துக்கு முன்னால் போகும் கூட்டத்தில் சில வருடங்கள் உங்களுக்கும் இடம் கிடைத்தது. மூச்சில் பெரும்பகுதி சீவாளிக்கே போனது என்று பிறகு சொன்னீர்கள். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல்கள், ஒவ்வொன்றிலும் ஆள் உயர ஒலிபெருக்கி, ஒரே நேரத்தில் மூன்று சினிமாப் பாட்டு. இதைப் பற்றி எழுதினால் பக்தி இல்லாதவன் என்று திட்டுவார்கள், பரவாயில்லை. நாயனத்துக்கு அங்கே மரியாதை கிடையாது. நீங்கள் பந்தல் வந்ததும் நாயனத்தைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடப்பீர்கள், தாண்டியதும் விட்ட இடத்திலிருந்து எடுப்பீர்கள். சண்டை போட்டதே இல்லை. எனக்குத்தான் கை பரபரக்கும்.

திரும்பும்போது லிட்டில் இந்தியாவில் அத்தைக்கு மல்லிகைச் சரம், பிள்ளைகளுக்கு ரொட்டி பெங்காலி. கடை மூடிவிடும் என்று மிச்சப் பணத்தைப் பேசி வாங்காமலேயே கிளம்பிய நாளும் உண்டு. பாதிப் பணம் பாக்கி வைத்த கோயிலை இங்கே பெயர் சொல்ல மாட்டேன், உங்களுக்குப் பிடிக்காது.

வெள்ளி ரதம் காரைக்குடியிலிருந்து வந்ததும் 1894, பெரி ஓட ஆரம்பித்ததும் 1894 என்று எங்கோ படித்துவிட்டு, "ரெண்டும் ஒரே வயசுடா" என்று ஒரு மாதம் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தீர்கள். 2020 கடைசியில் பழைய பெரிகள் நின்றுபோயின. அடுத்த மாதத் தைப்பூசத்துக்கு, தொற்று காரணமாக, ரதமும் ஓடவில்லை. உங்களைப் பார்க்க வந்தேன், நடமாட்டக் கட்டுப்பாடு கொஞ்சம் தளர்ந்திருந்த நாள். ஒரு வருடமாக ஒரு முகூர்த்தம்கூட இல்லை. வருத்தமாக இருப்பீர்கள் என்று நினைத்தேன். பேரனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தீர்கள். முகூர்த்த நாட்காட்டியைக் காட்டி, "முப்பது வருசத்துல இந்த நாளெல்லாம் நான் வீட்டுல இருந்ததே இல்ல, உங்க அத்தை இன்னிக்குப் பருப்புப் பாயசம் வச்சா" என்றீர்கள். நாயனத்துக்கு எண்ணெய் போட்டு வைத்திருந்தீர்கள், அதையும் பார்த்தேன்.

காரியத்தன்று உங்கள் மகன், தம்பி, அந்த மைலோ டின்னை எடுத்துக் கொண்டுவந்தான். இந்தத் தைப்பூசத்துக்கு அவன் வாசிக்கிறானாம், என்னைத் தாளத்துக்குக் கூப்பிட்டான். வருகிறேன் என்றேன். தாளம் தொட்டு ஆறு வருடம் ஆகிறது. இப்போது ஓடும் புதுப் படகில் கார் ஏறாது, மோட்டார் ஏறும், அதனால் இரண்டு பேரும் உங்கள் மோட்டாரிலேயே போவதாக ஏற்பாடு.

நேற்று ராத்திரி அவன் போன் செய்து, சீவாளியை எவ்வளவு நேரம் நனைக்கணும் அண்ணே, அப்பா உங்ககிட்டதானே எல்லாம் சொல்லுவாரு என்று கேட்டான். "அது சொல்லும்" என்று நீங்கள் சொன்னதையே சொல்லி வைத்தேன். பத்து நிமிடம் கழித்துத் திரும்பக் கூப்பிட்டு, ஒன்னும் சொல்லலையே என்கிறான்.

உங்கள்,
தாளக்காரன்