மெய் சிலிர்ப்பது குற்றமா, தோழர்களே?

பழைய வடாற்காடு மாவட்டத்தின் பகுத்தறிவு இயக்கத் தோழர்கள் அனைவருக்கும், குடியாத்தத்திலிருந்து ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் எழுதுவது.

வணக்கம்.

போன தை மாதம் ஜவ்வாது மலையில் பள்ளிப் பிள்ளைகளுக்கு வானம் காட்டினோம். காவலூர் வானாய்வு நிலையத்துக்குப் பக்கத்து மலைச்சரிவு. 1977இல் யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்தபோது, அதன் வளையங்களின் தடயம் பதிவான இடங்களில் காவலூரும் ஒன்று என்று சொன்னேன். பைனாகுலரில் ஆண்ட்ரோமெடா என்ற விண்மீன் மண்டலத்தைக் காட்டினேன். "நீங்க இப்போ பார்க்கிற வெளிச்சம் அங்கிருந்து கிளம்பி 25 இலட்சம் வருஷம் ஆச்சு" என்றதும் பிள்ளைகள் அடங்கிப்போனார்கள். அப்போதுதான் டார்ச்சுகளை அணைத்துவிட்டு ஐந்து நிமிடம் பேசாமல் வானத்தைப் பாருங்கள் என்றேன். ஒரு சிறுமி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவுதான் நடந்தது.

அடுத்த கூட்டத்தில் ஒரு தோழர், "இது தியானம். ஆன்மிகத்தைப் பின்வாசல் வழியாகக் கொண்டுவருகிறீர்கள்" என்றார். யாரும் மறுக்கவில்லை. இருபது ஆண்டுகளாக உங்களோடு நின்ற எனக்கு அது வலித்தது.

என் நிலையைத் தெளிவாகவே சொல்லிவிடுகிறேன். ஆன்மா என்று தனியாக ஒன்று உண்டென நான் நம்பவில்லை. மூளை நின்றால் நானும் நின்றுபோவேன். குவாண்டம் இயற்பியலைச் சொல்லி 'பிரபஞ்ச சக்தி' விற்பவர்களை வகுப்பிலும் மேடையிலும் எதிர்த்திருக்கிறேன், இனியும் எதிர்ப்பேன். அரசமைப்புச் சட்டத்தின் 51ஏ பிரிவு அறிவியல் மனப்பான்மையைக் குடிமக்களின் கடமை என்கிறது. அதே வரியில் மனிதநேயமும் இருக்கிறது. நாம் முதல் சொல்லோடு நிறுத்திக்கொள்கிறோமோ என்பதுதான் என் கவலை.

அந்தக் கவலை அப்பா இறந்தபோது வந்தது. அவர் கைத்தறி நெசவாளர், கடைசிவரை கடவுள் மறுப்பாளர். அவர் சொன்னபடியே ஆறு மணி நேரத்துக்குள் கண்களைக் கொடுத்தோம். சடங்கு எதுவும் செய்யவில்லை. தோழர்கள் வந்தீர்கள், மாலை வைத்தீர்கள், மூன்று பேர் பேசினீர்கள். நல்ல பேச்சுதான். சாயங்காலம் எல்லோரும் போனபின் அம்மா தறிக்குழி ஓரம் உட்கார்ந்து அறுந்துகிடந்த பாவு நூலைத் தடவிக்கொண்டே இருந்தார். பதினாறு நாள் அப்படித்தான். எதிர்வீட்டில் சாவு விழுந்தபோது பெண்கள் கூடி ஒப்பாரி வைத்தார்கள், எட்டாம் நாள், பதினாறாம் நாள் என்று சொந்தங்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அந்தச் சடங்குகளின் விளக்கம் பொய்யாக இருக்கலாம். அழுகிறவர் தோளில் விழுந்த கை பொய்யில்லை. பொய்யை எடுத்தோம், கையையும் சேர்த்து எடுத்துவிட்டோம். அம்மா இப்போது வெள்ளிக்கிழமைதோறும் ஒரு பஜனைக்குப் போகிறார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பெரியார் இறுதி மூச்சு விட்டது நம் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில், 1973 டிசம்பர் 24 அன்று. ஒரு கிறிஸ்தவ மருத்துவமனை கடவுளே இல்லை என்றவருக்குச் சிகிச்சை செய்தது. அவரும் அங்கே போகத் தயங்கவில்லை. அவர் கொள்கையில் இம்மியும் குறையவில்லை. அந்த அகலம் நமக்கும் வேண்டாமா?

நம் மொழியில் உடலுக்கும் உண்மைக்கும் ஒரே பெயர்தான்: மெய். மெய் சிலிர்க்கிறது என்றால் சிலிர்ப்பது உடல், நரம்பு, தோல். இதைவிடப் பொருள்முதல்வாதமான சொல் எங்கே இருக்கிறது? நம் இரத்தத்திலுள்ள இரும்பு விண்மீன்களுக்குள் உருவானது என்று பாடம் நடத்தும்போது இன்றும் எனக்குத் தொண்டை அடைக்கும். அது மூளையில் நடக்கும் வேதிவினை என்று தெரியும். தெரிந்தபின்னும் அடைக்கிறது. இதை நாம் கேவலமாகப் பார்த்தால், மலைத்து நிற்க ஆசைப்படுகிற இளைஞர்கள் சாமியார்களின் பந்தலுக்குத்தான் போவார்கள். போய்க்கொண்டும் இருக்கிறார்கள்.

நான் கேட்பது இரண்டே. இரங்கல் கூட்டத்தில் பேச்சைக் குறைத்து, பாடவும் அழவும் பேசாமல் இருக்கவும் நேரம் விடுங்கள். அதன்பின் பதினாறு நாளும் முறை வைத்து அந்த வீட்டுக்குப் போங்கள், ஒரு டிபன் கேரியரோடு.

மாசி அமாவாசை இரவு மறுபடியும் பிள்ளைகளோடு மலைக்குப் போகிறேன். கூட்டத்தில் என்னை மறுத்த தோழர் அவசியம் வர வேண்டும். விளக்கமெல்லாம் முடிந்தபின் அந்த ஐந்து நிமிடம் அவர் என் பக்கத்தில் நிற்கட்டும். குளிரும், ஒரு சால்வை எடுத்துவரச் சொல்லுங்கள்.