எங்க திரும்பணும்னு காலையிலேயே பேசி வச்சிருங்க

கண்ணம்மா,

நீயும் ஒன் ஃப்ரெண்டும் போற மலை ட்ரெக்கிங்குக்கு நீ அனுப்புன பேக்கிங் லிஸ்ட் போட்டோவ ஜூம் பண்ணி ஜூம் பண்ணி பாத்தேன். போன்ல பேசுனா "சரிம்மா சரிம்மா"ன்னு வச்சிருவ, அதான் உக்காந்து டைப் பண்றேன். நீளமா வரும், டென்ட்ல படுத்துட்டு படிச்சுக்கலாம்னு தள்ளிப் போடாத, கிளம்பறதுக்கு முன்னாடி படி. போகாதன்னு சொல்றதுக்கு இல்ல இது, அந்த வேலைய அப்பா பாத்துக்குவாரு.

மொதல்ல அந்த லிஸ்ட். ரெண்டு காட்டன் டிஷர்ட், ஒரு ஜீன்ஸ்னு இருக்கு பாரு, அதை எடுத்து வீட்டுலயே வச்சிரு. காட்டன் நனைஞ்சா லேசுல காயாது, ஒடம்போட ஒட்டிக்கிட்டு சூட்டை இழுத்துக்கிட்டே இருக்கும். தண்ணி காத்தை விட சுமார் 25 மடங்கு வேகமா ஒடம்புச் சூட்டை எடுத்துரும், அப்போ ஈரத்துணியோட காத்துல நின்னா என்ன ஆகும்னு நீயே யோசிச்சுக்கோ. உள்ள போடுறதுக்கு கம்பளி இல்லன்னா பாலியஸ்டர், நனைஞ்சாலும் கொஞ்சமாவது கதகதப்பு கொடுக்கும். ஆசைப்பட்டு வாங்குன அந்த எறகு அடைச்ச டவுன் ஜாக்கெட் நல்லதுதான், ஆனா எறகு நனைஞ்சா கட்டி கட்டியா ஒட்டிக்கும், அப்புறம் அது சும்மா வெயிட்டு, அதனால ஸ்லீப்பிங் பேக்கையும் அதையும் தனித்தனியா தண்ணி போகாத கவர்ல போட்டு கட்டு. பேக்கு மேல போடுற ரெயின் கவர நம்பாத, பலமா காத்தடிச்சா அது பறந்து போயிரும். இன்னொண்ணு, ராத்திரி தூங்க மட்டும்னு ஒரு செட்டு காஞ்ச துணி வச்சுக்கோ, என்ன ஆனாலும் அதை நடக்கும்போது போடக்கூடாது. காலையில எந்திரிச்சு திரும்ப அந்த ஈரத்துணியவே மாட்டுறது இருக்கே, அதை விட கொடுமை மலையில வேற எதுவும் கெடையாது, ஆனா மாட்டித்தான் ஆகணும்.

நீ வெதர் ஆப் ஸ்க்ரீன்ஷாட் அனுப்பிட்டு "ஸ்னோ இல்லம்மா, மழைதான்"னு சந்தோஷமா போட்டிருந்த. எனக்கு அதுதான் பயம். நல்ல குளிர்ல விழுற பனி பொடிப்பொடியா இருக்கும், தட்டிவிட்டா போயிரும். அஞ்சு டிகிரியில காத்தோட அடிக்கிற மழை அப்படி இல்ல, கழுத்து வழியா, கை வழியா, ஷூ வழியா உள்ள எறங்கும். அப்புறம் ஆப்ல காட்டுற டெம்பரேச்சர் எந்த உயரத்துக்குன்னு பாத்தியா? பெரும்பாலும் கீழ இருக்குற ஊருக்குத்தான் காட்டும். 1000 மீட்டர் ஏறுனா சராசரியா ஆறரை டிகிரி கொறையும், கீழ 12ன்னா கணவாய்கிட்ட அஞ்சோ ஆறோதான், அதுக்கு மேல காத்து வேற. மைனஸ் 10ல மணிக்கு 30 கிலோமீட்டர் காத்து அடிச்சா தோலுக்கு அது மைனஸ் 20 மாதிரி. காத்தோட வேகம் ரெண்டு மடங்கானா ஒம்மேல தள்ளுற பலம் நாலு மடங்காகும், பெரிய பேக்க மாட்டிக்கிட்டு முகட்டுல நிக்கும்போது அது புரியும்.

2021 மே மாசம் சீனாவுல, கான்சு மாகாணத்துல, மலையில 100 கிலோமீட்டர் ஓட்டப்பந்தயம் ஒண்ணு நடந்துச்சு. ஓடுனது 172 பேர். நடுவுல திடீர்னு காத்து, ஆலங்கட்டி, உறையுற மழை, செத்தது 21 பேர். எல்லாரும் பயிற்சி எடுத்தவங்க, சில பேரு நாட்டுலயே பெரிய ஓட்டக்காரங்க. காத்து தடுக்குற ஜாக்கெட் கட்டாயம்னு அந்தப் போட்டியில விதி இல்ல, நெறைய பேரு மெல்லிசு துணியில இருந்தாங்க. அங்க ஆடு மேய்க்கிற ஒருத்தர் தன்னோட குகைக்குள்ள கூட்டிட்டுப் போயி நெருப்பு மூட்டி ஆறு பேரக் காப்பாத்துனாரு. மே மாசம்டி. அதனால "இது குளிர்காலம் இல்லையேம்மா"ன்னு எங்கிட்ட சொல்லாத.

சரி, இப்போ உங்கப்பா கதை. இதை அவரு சொல்லவே மாட்டாரு, நானும் இவ்வளவு நாளா சொல்லல, ஆனா இப்போ தேவைப்படுது. கல்யாணத்துக்கு முன்னாடி நாங்க ஒரே குரூப்ல ட்ரெக்கிங் போயிட்டிருந்தோம்ல, ஒரு தடவை கணவாய்க்கு கீழ மழை புடிச்சுக்கிச்சு, காலையில இருந்து நிக்கவே இல்ல. அவரு எப்பவும் முன்னாடி போற ஆளு, மெதுவா பின்னாடி வந்தாரு. அப்புறம் ஒண்ணுமே பேசல. அப்புறம் சும்மா இருந்த ஆளு திடீர்னு சள்ளுனு எரிஞ்சு விழுறாரு, நான் தண்ணி வேணுமான்னு கேட்டதுக்கு. கால் தடுக்குது, வார்த்தை கொழகொழன்னு வருது, ஜாக்கெட் ஜிப்ப இழுக்க வெரல் வரல. கேட்டா "எனக்கு ஒண்ணும் இல்ல, நீங்க போங்க". அந்த "ஒண்ணும் இல்ல"தான் ஹைப்போதெர்மியா. ஒடம்போட உள்சூடு 35 டிகிரிக்கு கீழ போனா அது ஆரம்பிச்சிருச்சுன்னு அர்த்தம், ஆனா மலையில யாரு தெர்மாமீட்டர் வைக்கப் போறா, இந்த மாதிரி தடுமாறுறது, ஒளறுறது, எரிஞ்சு விழுறது, இதெல்லாம்தான் தெர்மாமீட்டர்.

குரூப் லீடர் ஒரு அக்கா, அவங்க ஒரு நிமிஷம் கூட யோசிக்கல, அந்த எடத்துலயே டென்ட்ட போட வச்சு, ஈரத்துணிய எல்லாம் கழட்டி, காஞ்சது போட்டு, கீழ ரெண்டு மேட்டு விரிச்சு, ஸ்லீப்பிங் பேக்குல திணிச்சுட்டாங்க. கீழ விரிக்கிறது முக்கியம், தரை உறிஞ்சுற சூடு கொஞ்சநஞ்சம் இல்ல. முழுங்குற நிலைமையில இருந்ததால இனிப்பா சூடா குடிக்கக் குடுத்தோம். கையக் கால தேய்க்கக் கூடாது, சரக்கு கண்டிப்பா கூடாது, அது சூடேத்துற மாதிரி தெரியும், ஆனா தோல்பக்கம் ரத்தத்த அனுப்பி உள்ள இருக்குற சூட்டையும் வெளிய விட்டுரும். நடுங்கிட்டு இருந்தாரு, அது நல்ல அறிகுறி. வெயில்ல போயி நிக்காம குளிர்ல இருக்கும்போதே நடுக்கம் நின்னு போச்சுன்னா, இல்ல "புழுங்குது"ன்னு துணிய கழட்ட ஆரம்பிச்சாங்கன்னா, அதுதான் ரொம்ப ஆபத்தான கட்டம். அப்பா அதுக்கு முன்னாடியே தேறிட்டாரு. மறுநாள் காலையில "நான் நடந்திருப்பேன், நீங்கதான் பயந்துட்டீங்க"ன்னாரு பாரு!

நான் சொல்ல வர்றது இதுதான். குளிர் புடுங்குறது கை வெரல மட்டும் இல்ல, புத்தியையும்தான். எப்போ திரும்பணும்னு யோசிக்க வேண்டிய நேரத்துல யோசிக்கிற மூளையே இருக்காது, அதுக்கு மேல இவ்வளவு தூரம் வந்துட்டோமேங்கற வீம்பு வேற. அதனால காலையில, காஞ்ச துணியோட, வயித்துல ஏதாவது போட்டுட்டு உக்காந்திருக்கும்போதே நீயும் ஒன் ஃப்ரெண்டும் பேசி வச்சிருங்க. இத்தனை மணிக்குள்ள கணவாய்க்கு வரலன்னா திரும்புறோம். மேகம் முகட்ட மறைச்சிட்டா திரும்புறோம். ரெண்டு பேர்ல ஒருத்தர் ஜிப் போட முடியலன்னா அங்கயே டென்ட். முக்கியமா, ஒருத்தி திரும்பலாம்னு சொன்னா இன்னொருத்தி ஏன்னு கேக்கக் கூடாது. சாயங்காலம் கீழ வந்து சண்டை போட்டுக்கோங்க.

2014 அக்டோபர்ல ஹுட்ஹுட் புயல் 12ஆம் தேதி விசாகப்பட்டினத்துல கரையேறுச்சு, ரெண்டு நாள் கழிச்சு அதோட மிச்சம் நேபாளத்துல அன்னபூர்ணா பக்கம் போயி பனியா கொட்டுச்சு. தோரோங் லா கணவாய், 5416 மீட்டர். சீசன் நேரம், வழக்கமா வானம் தெளிவா இருக்குற மாசம், அத்தனை பேர் ஏறிட்டு இருந்தாங்க. அந்த வட்டாரத்துல 40 பேருக்கு மேல செத்துப்போனாங்க. நம்ம பக்கத்துக் கடல்ல உருவான புயல், அவ்வளவு தூரத்துல மலையில ஏறிட்டிருந்தவங்கள கொன்னுருச்சு. அதனால மலை இருக்குற வட்டாரத்துக்கு மட்டும் வெதர் பாக்காத, சுத்தி பெருசா எது நகருதுன்னும் பாரு, வானிலை மையத்தோட எச்சரிக்கைய தேடிப் படி.

மின்னல் பத்தி நீ ஸ்கூல்லயே படிச்சது போதும், ஆனா ஒண்ணு. மின்னல் பாத்து இடி கேக்குறதுக்குள்ள 30 செகண்ட் ஆகலன்னா அது 10 கிலோமீட்டருக்குள்ள இருக்கு, முகட்ட விட்டு எறங்கு. கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் ஆகுற வரைக்கும் மேல போகாத. தனி மரத்தடி, சின்ன குகை வாசல், டென்ட், மூணும் காப்பாத்தாது. ஆளு மேல நேரா விழுறத விட பக்கத்துல விழுந்து தரை வழியா பரவி வர்றதுதான் அதிகம் பேர அடிக்குது, அதனால ரெண்டு பேரும் ஒட்டிக்கிட்டு உக்காராதீங்க, தள்ளித் தள்ளி இருங்க.

ஆறு எனக்கு மின்னல விட பயம். மேப்ல பாத்தா மெல்லிசு நீலக்கோடு, நேர்ல போனா பாறைய உருட்டிக்கிட்டு வருது, அந்தச் சத்தம் வயித்துல கேக்கும். பனி உருகி வர்ற ஓடைன்னா விடிகாலையில தண்ணி கம்மி, மத்தியானத்துக்கு மேல ஏறும். மழையில ஏறுன ஓடைன்னா காத்திருந்தா பல சமயம் சில மணி நேரத்துல எறங்கும். கடக்கும்போது பேக்கோட இடுப்பு பெல்ட்டையும் நெஞ்சு பெல்ட்டையும் கழட்டி விட்டுரு, விழுந்தா பேக்க உதறிட்டு வரணும். ஷூவ கழட்டாத, வெறும்கால்ல பாறையில வழுக்கும். தண்ணி வர்ற பக்கம் பாத்து, ட்ரெக்கிங் குச்சிய ஊனி, பக்கவாட்டுல போ. முழங்காலுக்கு மேல வேகமா ஓடுதுன்னா கடக்காத. கடக்குற எடத்துக்கு கீழ அருவி இருக்கான்னு முதல்லயே பாரு, இதை நெறைய பேரு பாக்குறதே இல்ல.

மழைக்கு பயந்து டென்ட்ட இழுத்து மூடிட்டு உள்ள அடுப்பு பத்த வைக்காத. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கெடையாது, தூக்கம் வர்ற மாதிரிதான் இருக்கும். வாசல் பக்கம், தெறந்து வச்சு சமைங்க. செல்போன உள்பாக்கெட்ல ஒடம்போட வச்சுக்கோ, ராத்திரி ஸ்லீப்பிங் பேக்குக்குள்ள போடு, குளிர்ல பேட்டரி பாதி இருக்கும்போதே ஆஃப் ஆயிரும். விசில கழுத்துல கட்டு, பேக்குல இல்ல. ஒரு நிமிஷத்துல ஆறு தடவை ஊது, ஒரு நிமிஷம் நிறுத்து, திரும்ப ஊது, அதுதான் மலையில உதவி கேக்குற கணக்கு. சிக்னல் இல்லாத எடத்துலயும் மெசேஜ் அனுப்புற சாட்டிலைட் டிவைஸ் வாடகைக்கு எடுக்குறதா சொன்ன, நல்லது, ஆனா சில நாடுகள்ல அனுமதி இல்லாம அதை வச்சிருக்கக் கூடாது, கேட்டுட்டு எடு. SOS பட்டன் இருக்குன்னு தைரியம் ஆயிடாத, அந்த மாதிரி வெதர்ல ஹெலிகாப்டரும் வராது.

நாளைக்கு ராத்திரிக்குள்ள எனக்கு வேணுங்கறது: எந்த ரூட், ஒவ்வொரு ராத்திரியும் எங்க தங்கப் போறீங்க, கெட்ட வெதர்னா எந்த வழியா எறங்குவீங்க, அந்த ஏரியா மீட்புக்குழு நம்பர், ஒன் டென்ட் கலர், ஜாக்கெட் கலர். ஒரு மெசேஜ் லேட்டானதும் நான் ஊரக் கூட்ட மாட்டேன், அதுக்காக நீ பயந்து பயந்து வேகமா நடக்கவும் வேணாம். எத்தனை மணி நேரம் காத்திருந்து கூப்பிடணும்னு நீயே ஒரு கணக்கு சொல்லு, அது வரைக்கும் அப்பாவ நான் புடிச்சு வச்சிக்கிறேன், அதுக்கு மேல ஒரு நிமிஷம் கூட காத்திருக்க மாட்டேன்.

அந்த ஜீன்ஸ எடுத்தாச்சுன்னு போட்டோ அனுப்பு.

அம்மா