கிங்டா காவுக்கு ஒரு கடைசி நாள் குடுத்திருக்கலாம்

சிக்ஸ் ஃப்ளாக்ஸ் கிரேட் அட்வென்ச்சர் தீம் பார்க் நிர்வாகத்துக்கு வணக்கம்.

முதல்லயே சொல்லிடறேன், சண்டை போட எழுதல. உங்க ரோலர் கோஸ்டர் கிங்டா காவை ஏன் எடுத்தீங்கன்னும் கேட்கல. 2005 மே மாசம் திறந்தது, 2024 நவம்பர் வரைக்கும் ஓடுச்சு, வண்டியை ஒரே உந்துல வீசி விடற அந்த ஹைட்ராலிக் லாஞ்சைக் கட்டி மேய்க்கிறது லேசுப்பட்ட வேலை இல்லன்னு நியூ ஜெர்சியில இருக்கற எங்களுக்கும் தெரியும். காத்து பலமா அடிச்சா ஓடாது, தூறல் போட்டா ஓடாது. அதனாலயே அது ஓடுற நாள்ல உள்ள நுழைஞ்சதும் மத்ததெல்லாம் அப்புறம்னு நேரா அங்கதான் ஓடுவோம், பார்க்கிங் லாட்ல டிக்கியைத் திறந்து வச்சு புளியோதரை சாப்பிட்ட வயிறோட!

ட்ரெயினுக்கு 18 பேர். ஸ்டேஷனை விட்டு மெதுவா வெளிய வந்து நிக்கும். எதிர்ல அந்தப் பச்சைக் கோபுரம், 456 அடி. கையைக் கீழ வை, தலையைப் பின்னாடி சாய்ச்சுக்கோ, கெட்டியா பிடிச்சுக்கோன்னு ஸ்பீக்கர்ல சொல்வாங்க. வண்டி ஒரு இழை பின்னாடி நகரும் பாருங்க, அப்பவே பக்கத்து சீட்டுக்காரன் முருகான்னுடுவான், அடுத்த மூணரை செகண்ட்ல மணிக்கு 206 கிலோமீட்டர், கண்ணுல வர்ற தண்ணி கன்னத்துல இறங்காம காதுப் பக்கம் ஓடும். செங்குத்தா ஏறி, உச்சியில உடம்பு சீட்டை விட்டு லேசா எழும்பி, முறுக்கிக்கிட்டே கீழ விழுந்து, இன்னொரு 129 அடி மேடு, முடிஞ்சுது. எல்லாம் சேர்ந்து அரை நிமிஷம்தான். க்யூ ரெண்டு மணி நேரம். ஊர்ல இருந்து வந்திருந்த எங்கம்மா பெஞ்ச்ல பைகளுக்குக் காவல் இருந்துட்டு, "இதுக்குத் திருப்பதி க்யூ தேவலைடா, அங்க லட்டாவது குடுப்பாங்க"ன்னாங்க.

ரோல்பேக் கதை தனி. லாஞ்ச்ல கொஞ்சம் வேகம் குறைஞ்சா ட்ரெயின் உச்சியைத் தாண்டாம அப்படியே பின்பக்கமா இறங்கி வரும், கீழ பிரேக் பிடிச்சுக்கும், திரும்ப அனுப்புவாங்க. விஷயம் தெரியாதவங்க உயிரே போச்சுன்னு கத்துவாங்க, எங்களை மாதிரி ஆளுங்க அதுக்குத்தான் வேண்டிக்கிட்டு ஏறுவோம். எனக்கு ஒரு தடவைகூட கிடைக்கல, அந்த வயித்தெரிச்சல் இன்னும் இருக்கு.

2010ல அபுதாபியோட ஃபார்முலா ரோஸா கோஸ்டர் வேகத்துல முந்திடுச்சு, ஆனா உயரத்துல கடைசி நாள் வரைக்கும் இதுதான் உலகத்துல முதல். அப்படிப்பட்டது நவம்பர் 10, ஞாயித்துக்கிழமை சாதாரணமா ஓடி நின்னுச்சு. அன்னைக்கு ஏறினவங்களுக்கே அதுதான் கடைசி நாள்னு தெரியாது, நீங்க அறிவிச்சது 14ஆம் தேதி. 2025 பிப்ரவரி 28 காலையில வெடி வச்சு சாய்ச்சாச்சு. அதே கோபுரத்துல தொங்கிட்டிருந்த, ஆளை மேல ஏத்திக் கீழ விடற ஜுமான்ஜாரோ ரைடும் கூடவே போச்சு, அதைப் பத்தி யாரும் பெருசா அழல பாவம்.

நான் கேட்கறது ஒண்ணே ஒண்ணு. வர்ஜீனியாவுல புஷ் கார்டன்ஸ் பார்க்காரங்க 2009ல பிக் பேட் உல்ஃப் கோஸ்டரை மூடினப்ப தேதியை முன்கூட்டியே சொன்னாங்க, ஜனங்க போய் கடைசியா ஒரு ரவுண்டு ஏறிட்டு வந்தாங்க. வியாபாரமாப் பார்த்தாலும் நஷ்டம் இல்லையே? கடைசி ரைடுன்னு போர்டு வச்சா டீ-ஷர்ட்டே எவ்வளவு விக்கும், நானே வீட்டுல எல்லாருக்கும் சேர்த்து நாலு வாங்கியிருப்பேன்.

உங்ககிட்ட இருக்கற மத்த கோஸ்டர்ல நைட்ரோ 2001ல வந்தது, எல் டோரோ 2006. இப்ப எடுக்கப் போறீங்கன்னு சொல்லல, நல்லா ஓடட்டும். என்னைக்காவது எடுக்கறதா இருந்தா ஒரு சீசன் முன்னாடி சொல்லிடுங்க, ஆபீஸ்ல லீவு சொல்லணும்.

இப்படிக்கு,
பச்சைக் கோபுரத்தை இன்னும் தேடுற ஒரு சீசன் பாஸ்காரன்