கடைசி 48 மணி நேரத்தையாவது வாக்காளரிடம் விடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஈரோடு கிழக்கு இடைத்தேர்தல் முடிந்து முடிவும் வந்துவிட்டது. 2023 இடைத்தேர்தலில் ஏறத்தாழ 75 விழுக்காடு வாக்குப் பதிவான தொகுதியில், 2025 பிப்ரவரி 5-ம் தேதி அது 68-ஐ ஒட்டி நின்றுவிட்டது. அதிமுகவும் பாஜகவும் தேர்தலைப் புறக்கணித்ததுதான் முதல் காரணம் என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தொகுதிக்குள் குடியிருப்பவர்கள் சொல்லும் இன்னொரு காரணம் செய்திகளில் வருவதில்லை. எங்களுக்குச் சலித்துவிட்டது. ஓட்டுப் போடுவதில் எங்களுக்கு ஒரு சுணக்கமும் இல்லை. ஓட்டுக் கேட்கிறேன் என்று காதிலும் கண்ணிலும் கைப்பேசியிலும் கொட்டுகிறார்களே, அதைத்தான் தாங்க முடியவில்லை.

கணக்குப் பாருங்கள். 2021 ஏப்ரலில் சட்டமன்றத் தேர்தல். 2022 பிப்ரவரியில் மாநகராட்சித் தேர்தல். 2023 பிப்ரவரியில் இடைத்தேர்தல். 2024 ஏப்ரலில் மக்களவை. 2025 பிப்ரவரியில் மறுபடி இடைத்தேர்தல். 2026-ல் மறுபடி சட்டமன்றம். திருமகன் ஈவெரா, அவருக்குப் பின் அவருடைய தந்தை ஈ.வி.கே.எஸ். இளங்கோவன் என்று அடுத்தடுத்து இரண்டு உறுப்பினர்களைப் பறிகொடுத்த தொகுதி இது. தேர்தல் அடிக்கடி வந்ததற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. வந்த தேர்தலை எங்கள் மேல் ஏவிய விதத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

2023-ல் 77 பேர் களத்தில் நின்றார்கள். ஒரு வாக்குப்பதிவு இயந்திரத்தில் 16 பெயர்களுக்குத்தான் இடம் என்பதால், நோட்டாவையும் சேர்த்து வாக்குச்சாவடிக்கு 5 இயந்திரங்கள் வைத்தார்கள். கருங்கல்பாளையத்தில் எங்கள் தெருமுனையில் சாயங்காலம் ஆனால் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்று வந்து நிற்கும். அது பாட்டுப் போட்டுக்கொண்டிருக்கும்போதே பின்னாலேயே இன்னொரு கட்சியின் ஆட்டோ வரும். முதலில் வந்தது சத்தத்தைக் குறைக்காது, வந்ததும் குறைக்காது. இரண்டு பாட்டும் ஒன்றில் ஒன்று கலந்து, "உங்கள் பொன்னான வாக்குகளை" என்ற இரண்டு மூன்று சொற்கள் மட்டும்தான் தெளிவாகக் கேட்கும். யாருக்கு, எதற்காக என்பது கேட்காது. அந்த மார்ச் 13-ம் தேதி பிளஸ் டூ பொதுத்தேர்வு தொடங்க இருந்தது. எதிர்வீட்டுப் பெண் கணக்குப்பதிவியல் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் உட்கார்ந்து படிப்பாள். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி கூடாது என்று விதி இருக்கிறது, சரி. பிள்ளைகள் படிப்பது 6 மணியிலிருந்து 10 மணி வரை அல்லவா?

ஆட்டோவாவது தெருவைத் தாண்டிப் போய்விடும். கைப்பேசி வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. என் தம்பி வெளிமாநிலத்துக்கு லாரி ஓட்டுகிறான். எந்த ஊரிலிருந்து, எந்த எண்ணிலிருந்து கூப்பிடுவான் என்று தெரியாது என்பதால், எங்கள் அம்மா எந்த அழைப்பு வந்தாலும் எடுத்துவிடுவார். தேர்தல் நேரத்தில் எடுத்தால் ஒரு தலைவரின் பதிவு செய்த குரல் "வணக்கம்" என்று ஆரம்பிக்கும். அம்மா மரியாதையாக, "வணக்கமுங்க, யாருங்க பேசறது?" என்பார். அந்தக் குரல் தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டே போகும். இவர் இரண்டு மூன்று தடவை "கேக்குதுங்களா?" என்று கேட்டுவிட்டு, விளங்காமல் போனை என்னிடம் நீட்டுவார். கடைசியில் பெயர் தெரியாத எந்த எண்ணையும் எடுப்பதில்லை என்று முடிவு செய்துவிட்டார். அந்த வாரம் எரிவாயு சிலிண்டர் கொண்டுவந்த பையன் கீழே நின்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டான். வயதானவரை இப்படி அலைக்கழிப்பதால் எந்தக் கட்சிக்கு ஒரு ஓட்டுக் கூடப்போகிறது?

வெளியிடப்படும் வாக்காளர் பட்டியலில் எங்கள் கைப்பேசி எண் கிடையாது. பிறகு எங்கிருந்து கிடைக்கிறது என்று யாரும் சொல்வதில்லை. மொத்தமாக அனுப்பும் குறுஞ்செய்திக்கும் குரல் அழைப்புக்கும் மாவட்ட ஊடகச் சான்றளிப்புக் குழுவிடம் முன்கூட்டியே சான்று பெற வேண்டும் என்று தேர்தல் ஆணையம் சொல்லியிருக்கிறது. அந்தக் குழு பேசும் வாசகத்தைப் பார்க்கிறது. ஒரே வீட்டுக்கு எத்தனை தடவை கூப்பிடலாம் என்பதற்கு வரம்பு ஏதும் எங்கள் அனுபவத்தில் தெரியவில்லை. செலவிலும் இதே கதைதான். சட்டமன்ற வேட்பாளர் 40 லட்சம் ரூபாய்க்கு மேல் செலவிடக் கூடாது. கட்சி செலவிடுவதற்கு உச்சவரம்பே இல்லை.

பிரசாரமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பெரிய கட்சிகளின் சின்னம் சிறு பிள்ளைகளுக்கும் தெரியும். சுயேச்சைக்கு வேட்புமனு திரும்பப் பெறும் நாள் முடிந்த பிறகுதான் சின்னமே கிடைக்கிறது. 2025 இடைத்தேர்தலில் அது ஜனவரி 20-ம் தேதி. பிப்ரவரி 3-ம் தேதி பிரசாரம் ஓய்ந்துவிட்டது. இரண்டே வாரத்தில் அவர் தன் பெயரையும் சின்னத்தையும் தொகுதி முழுக்கச் சொல்லியாக வேண்டும். அப்படி வீடு வீடாக வந்து துண்டறிக்கை கொடுத்துவிட்டு, நாம் கேட்கிற கேள்விக்கு நின்று பதில் சொல்கிறவரை நான் வரவேற்கிறேன். ஆனால் அவருடைய குரல்தான் இந்த இரைச்சலில் முதலில் அடிபட்டுப் போகிறது.

இதற்கெல்லாம் ஓர் இடைவெளி வேண்டும் என்றுதான் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 126-வது பிரிவு இருக்கிறது. வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரத்தில் பொதுக்கூட்டம் கிடையாது, ஊர்வலம் கிடையாது, தொலைக்காட்சியில் தேர்தல் விளம்பரம் கிடையாது. தேர்தல் ஆணைய உத்தரவுப்படி வெளியூர்க் கட்சிக்காரர்களும் தொகுதியை விட்டுக் கிளம்பிவிட வேண்டும். நல்ல ஏற்பாடு. ஆனால் 1951-ன் சட்டம் அது. 2024-ல் தமிழகத்துக்கு முதல் கட்டமாக ஏப்ரல் 19-ம் தேதி வாக்குப்பதிவு. 17-ம் தேதி மாலையோடு இங்கே மைக் அணைந்தது. தேர்தலோ ஏழு கட்டம். மற்ற மாநிலக் கூட்டங்களில் தலைவர்கள் பேசியது எங்கள் வீட்டுத் தொலைக்காட்சியில் தொடர்ந்து வந்துகொண்டுதான் இருந்தது. சமூக ஊடக நிறுவனங்கள் 2019-ல் தாங்களாக ஒரு நடத்தை நெறியை ஏற்றுக்கொண்டன. தேர்தல் ஆணையம் சுட்டிக்காட்டினால் இந்த 48 மணி நேர விதியை மீறும் பதிவை 3 மணி நேரத்துக்குள் எடுத்துவிடுவோம் என்றார்கள். எங்கள் பகுதி வாட்ஸ்அப் குழுவில் கட்சிக்காரர் நள்ளிரவில் போடும் காணொளியை யார் போய் ஆணையத்திடம் சுட்டிக்காட்டுவது?

அப்புறம், இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை ஆசிரியர் அவர்களே, தங்கள் நாளிதழ். அந்த 126-வது பிரிவில் அச்சு ஊடகம் இல்லை. வாக்குப்பதிவு நாளிலும் அதற்கு முந்தைய நாளிலும் வரும் விளம்பரத்துக்கு முன்சான்று வேண்டும் என்பது மட்டும்தான் இப்போதுள்ள கட்டுப்பாடு. அச்சு விளம்பரத்தையும் தடைக்குள் கொண்டுவர வேண்டும் என்று தேர்தல் ஆணையமே மத்திய அரசிடம் கேட்டிருக்கிறது, இன்னும் சட்டம் மாறவில்லை. கடந்த மக்களவைத் தேர்தல் வாக்குப்பதிவு அன்று காலையில் தங்கள் நாளிதழைக் கையில் எடுத்தால், தலைப்புச் செய்திக்கு முன்னால் ஒரு கட்சியின் முழுப்பக்க விளம்பரம். அதைத் திருப்பினால் உள்ளே இன்னொன்று. நான் செய்தியைத் தேடிப் பக்கம் புரட்டினேன்.

அப்படிப் புரட்டிப் புரட்டிப் பழகிய கை எதை எல்லாம் தாண்டிப் போகிறது என்பதுதான் என் பெரிய கவலை. குற்ற வழக்கு உள்ள வேட்பாளர், தன் மேல் என்னென்ன வழக்கு இருக்கிறது என்பதை நாளிதழிலும் தொலைக்காட்சியிலும் மூன்று முறை விளம்பரப்படுத்த வேண்டும். உச்ச நீதிமன்றம் 2018-ல் இட்ட உத்தரவு அது. படிவம் சி-1 என்று பெயர். எழுத்து குறைந்தது 12 புள்ளி அளவில் இருக்க வேண்டும் என்று ஆணையம் சொல்லியிருக்கிறது. வேட்பாளர்கள் தரும் விளம்பரங்களில் வாக்காளருக்காகவே வருவது அது ஒன்றுதான். அது உள்பக்கத்தில் ஏல அறிவிப்புக்கும் பெயர் மாற்ற அறிவிப்புக்கும் நடுவில் கட்டம் கட்டிக் கிடக்கிறது. வண்ண வண்ணமாய்ச் சிரிக்கும் முகங்களைத் தாண்டி அலுத்துப்போனவர் கண்ணில் அது எப்படிப் படும்? எங்கள் தெருவில் நான் கேட்டுப் பார்த்தவரை, அப்படி ஒரு விளம்பரம் வருகிறது என்பதே பலருக்குத் தெரிந்திருக்கவில்லை. நீதிமன்றத்தில் வாதாடிப் பெற்ற ஓர் உரிமை இப்படி வீணாவதைப் பார்க்க மனம் பொறுக்கவில்லை.

சட்டம் திருந்தும் வரை தாங்கள் காத்திருக்க வேண்டியதில்லை. இனி வரும் தேர்தல்களில், பிரசாரம் ஓய்ந்த நேரத்திலிருந்து வாக்குப்பதிவு முடியும் வரை எந்தக் கட்சியின் விளம்பரத்தையும் வாங்குவதில்லை என்று தங்கள் நாளிதழ் அறிவிக்க வேண்டும். வருமானம் குறையும் என்று எனக்குத் தெரியும். அந்த இரண்டு நாளும் பதிப்புக்குப் பதிப்பு, அந்தந்தத் தொகுதி வேட்பாளர்களின் பெயர், சின்னம், படிப்பு, சொத்து, வழக்கு ஆகியவற்றை அவர்களே தாக்கல் செய்த பிரமாணப் பத்திரத்திலிருந்து எடுத்து ஒரு பக்கத்தில் போடுங்கள். கட்சிப் பெயர் பார்த்து ஒருவருக்குப் பெரிதாக, ஒருவருக்குச் சிறிதாகப் போடாமல், சுயேச்சை உட்பட எல்லோருக்கும் ஒரே அளவு எழுத்தில் போடுங்கள். இதை ஏற்க முடியாது என்றால், அதற்கான காரணத்தையாவது இதே வாசகர் பகுதியில் எழுதும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கருங்கல்பாளையம், ஈரோடு.