மழையால் தாமதமானால் கூடுதல் வாடகை கிடையாது

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு,

வணக்கம். எங்களிடம் கூடாரமும் தோள்பையும் மழைச்சட்டையும் வாடகைக்கு எடுத்துக்கொண்டு மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு செய்தி. மழையாலோ ஓடையில் தண்ணீர் ஏறியதாலோ நீங்கள் திரும்பிவரத் தாமதமானால், அந்த நாட்களுக்கு இனி வாடகை வாங்கமாட்டோம். ஞாயிறு இரவுக்குள் சாமானை ஒப்படைத்தாக வேண்டும் என்ற அவசரத்தில் யாரும் காட்டாற்றில் கால் வைத்துவிடக் கூடாது.

மலை ஓடை நாம் நிற்கும் இடத்து மழையைப் பார்த்து ஏறுவதில்லை. இங்கே வெயில் அடித்துக்கொண்டிருக்கும். உச்சியில் கொட்டிய மழை பாறையில் ஊற வழியில்லாமல், செங்குத்துச் சரிவில் நிமிடங்களில் கீழே வந்துவிடும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென வந்த வெள்ளம் 17 வயதுப் பையனை அடித்துச் சென்றது. 2015இல் சதுரகிரியில் பக்தர்கள் காட்டாற்று வெள்ளத்தில் சிக்கி உயிரிழந்ததும் மே மாதத்தில்தான். இரண்டுமே பருவமழை தொடங்காத நாட்கள். கோடை இடிமழைதானே என்று தயவுசெய்து நினைக்காதீர்கள்.

தெளிவாக ஓடிய தண்ணீர் கலங்கினாலோ, சருகும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ, மேலே இரைச்சல் கேட்டாலோ பையைக்கூட எடுக்க நிற்காமல் பக்கவாட்டில் மேட்டுக்கு ஏறுங்கள். ஓடையை ஒட்டிக் கீழ்நோக்கி ஓட வேண்டாம். வறண்ட ஓடைப்படுகை சமதளமாக, மணலாக, படுக்க வசதியாகத் தெரியும். அங்கே கூடாரம் அடிக்கவே கூடாது.

வேகமாக ஓடும் தண்ணீர் அரை அடி இருந்தாலே வளர்ந்த ஆளைச் சாய்த்துவிடும். இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு கடக்கலாமே என்று சிலர் கயிறு கேட்கிறார்கள். கட்டியவர் விழுந்தால் கயிறு அவரை இழுத்துப் பிடிக்கும், தண்ணீர் மேலிருந்து அழுத்தும். தலையைத் தூக்க முடியாது. அதற்காகக் கேட்டால் கயிறு தரமாட்டோம். காத்திருங்கள். சின்ன ஓடைகள் மழை விட்ட சில மணி நேரத்தில் பெரும்பாலும் வடிந்துவிடும். மறுநாள் காலை வரை ஆனாலும் ஆகட்டும்.

நீங்கள் போகும் மாவட்டத்துக்கு வானிலை மையம் ஆரஞ்சு அல்லது சிவப்பு எச்சரிக்கை கொடுத்தாலும், வனத்துறை பாதையை மூடினாலும் முன்பணம் முழுவதையும் திருப்பித் தருவோம். ஆரஞ்சு என்றால் ஒரே நாளில் ஏறக்குறைய 12 முதல் 20 செ.மீ. வரை மழை, அதில் மலையேற எந்தச் சாமானும் உதவாது.

சாமான் எடுக்க வரும்போது எந்தப் பாதை, எப்போது திரும்புவீர்கள், வீட்டில் யாரை அழைக்க வேண்டும் என்று எழுதிக் கொடுங்கள். ஓர் இரவுக்கான உணவு கூடுதலாக இருக்கட்டும். அவலும் பொரிகடலையும் கடலைமிட்டாயும் போதும், அடுப்பு வேண்டியதில்லை.

அன்புடன்,
கடையினர்