வியாழக்கிழமைக்கு முன்பே ஒரு நன்றி

உடுமலைப்பேட்டையில் எங்கள் தெருவில் இருப்பவர்களுக்கும், மில் ஆபீஸில் என்னோடு வேலை பார்ப்பவர்களுக்கும், எங்கள் அத்தைக்கும்,

வணக்கம்.

வருகிற வியாழக்கிழமை காலை எனக்கு ரத்தப் பரிசோதனை. கரு தங்கியதா இல்லையா என்று அன்று மதியமே தெரிந்துவிடும். அதற்கு முன்பே இதை எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன். டெஸ்ட் டியூப் குழந்தைக்கு வைத்தியம் பார்க்கிறோம், கருவை வெளியே உருவாக்கி உள்ளே வைப்பார்கள். ஆவணியில் முதல் தடவை கரு வைத்தபோது ரிசல்ட் நெகட்டிவ் என்று வந்தது. போனை அணைத்துவிட்டு நான்கு நாள் படுத்துவிட்டேன். அதற்கு முன் எனக்காக ஓடியாடியவர்கள் ஒருவரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. குழந்தை வந்தால்தான் நன்றி, இல்லையென்றால் இல்லை என்பது போல நடந்துகொண்டேன். தை பிறந்தும் அந்த உறுத்தல் போகவில்லை.

முதலில் கீழ் வீட்டு அக்காவுக்கு. கோயமுத்தூரில் டாக்டர் பார்த்து முடித்ததும் ஒரு பை நிறைய மருந்தும், ஆங்கிலத்தில் அச்சடித்த ஒரு தாளும் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். "வீட்டிலேயே போட்டுக்கலாம், ஈஸிதான்" என்றார் அங்கிருந்த பெண். இரண்டு நிமிடம்கூட விளக்கவில்லை. தாளில் மருந்தின் பெயருக்குப் பக்கத்தில் எஸ்.சி. என்று இருந்தது. பஸ்ஸில் பொள்ளாச்சி வரும்வரை அதையே வெறித்துப் பார்த்துக்கொண்டு வந்தேன். அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற அக்கா அதை வாங்கிப் பார்த்துவிட்டு, "தோலுக்கு அடியில போடறது கண்ணு, அவ்வளவுதான்" என்றார். அந்த 'அவ்வளவுதான்' எனக்கு எவ்வளவு பெரிய மருந்து என்று அவருக்குத் தெரியாது.

அந்த முதல் தடவை, மாதவிலக்கான இரண்டாம் நாள் ஊசி தொடங்கியது. கருமுட்டைகள் ஒன்றுக்குப் பதில் பல சேர்ந்து வளர்வதற்கான ஊசி அது. தொப்புளிலிருந்து இரண்டு விரல் தள்ளி, ஒருநாள் இடப்பக்கம், மறுநாள் வலப்பக்கம். பேனா ஊசி சுலபம், திருகி அளவு வைத்தால் போதும். பொடி மருந்துதான் படுத்தியது. கண்ணாடிக் குப்பியின் கழுத்தை உடைத்து, தண்ணீர் மருந்தை உறிஞ்சி, பொடியில் விட்டு, குலுக்காமல் உருட்டிக் கரைத்து, தடித்த ஊசியைக் கழற்றி மெல்லியதை மாட்ட வேண்டும். முதல் நாளே கட்டைவிரலைக் கிழித்துக்கொண்டேன். பஞ்சை வைத்துப் பிடித்து உடைக்கச் சொல்லிக் கொடுத்தார் அக்கா. ராத்திரி எட்டு மணிக்கு மாடிப்படியில் அவர் செருப்புச் சத்தம் கேட்டால் வயிறு தானாகவே உள்ளே இழுத்துக்கொள்ளும். ஒருநாள்கூட அவர் எட்டேகால் ஆக்கியதில்லை.

அந்தப் பொடி மருந்தைப் பற்றி ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன். மாதவிலக்கு நின்ற பெண்களின் சிறுநீரிலிருந்து பிரித்தெடுப்பதாம் அது. அந்த வயதில் சினைப்பை பதில் சொல்லாமல் போவதால், மூளை அதை எழுப்பும் ஹார்மோனை இன்னும் அதிகமாகச் சுரந்துகொண்டே இருக்குமாம். மிஞ்சியது சிறுநீரில் வந்துவிடும். 1950களின் கடைசியில் இத்தாலியில் கன்னிமாடங்களில் இருந்த வயதான கன்னியாஸ்திரீகளிடமிருந்துதான் முதலில் சேகரித்திருக்கிறார்கள். அந்த மருந்தால் உருவான முதல் குழந்தை 1962இல் இஸ்ரேலில் பிறந்தது. பிள்ளையே வேண்டாம் என்று விரதம் எடுத்த அந்தப் பாட்டிகளுக்கும் இந்த மடலில் ஒரு வரி வைக்கிறேன்.

அடுத்து பால் பூத் அண்ணா. பேனா ஊசியை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும், உறையவும் கூடாது. சரியாக நடு வாரத்தில் மாதாந்திர மின்தடை வந்தது, காலை ஒன்பதிலிருந்து மாலை ஐந்து வரை. உங்களிடம் ஜெனரேட்டர் இருக்கிறதே என்று டப்பாவோடு வந்து நின்றேன். "என்னங்க இது?" என்றீர்கள். "மருந்துங்கண்ணா" என்றேன். தயிர் பாக்கெட்டுகளை நகர்த்தி இடம் விட்டீர்கள். அதற்கு மேல் ஒரு கேள்வி இல்லை. இந்த ஊரில் 'விசேஷம் ஏதாச்சும் உண்டா?' என்று ஏழு வருடமாகக் கேட்கப்பட்ட ஒருத்திக்கு, கேட்காமல் இருப்பது எவ்வளவு பெரிய உதவி என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டும்.

ஆபீஸ் அக்காமார்களே, ஒருநாள் விட்டு ஒருநாள் ஸ்கேன். காலை ஐந்தரை பஸ்ஸுக்குப் போய்விட்டு மதியம் வந்தால் என் மேஜையில் கூலிப் பட்டியல் முடிந்து கிடக்கும். யார் போட்டது என்று இன்றுவரை ஒருவரும் ஒத்துக்கொள்ளவில்லை. கையெழுத்து எனக்குத் தெரியும்.

இனி அத்தை. கோயமுத்தூருக்கு அடிக்கடி எதற்கு என்று சொந்தக்காரர்கள் கேட்கத் தொடங்கியதும், "எனக்கு முட்டி வைத்தியம் பார்க்கறாங்க" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். அதோடு நிறுத்தவில்லை. நாத்தனார் மகள் கல்யாணத்தில் அந்தப் பொய்க்காக நொண்டி நொண்டி நடந்தார். அன்றைக்குத்தான் எனக்குக் கடைசி ஊசி. இரவு சரியாகப் பத்தரைக்குப் போட வேண்டும். போட்ட 36 மணி நேரத்தில் முட்டைகளை எடுத்துவிட வேண்டும், தாமதித்தால் தாமாகவே வெளியேறிவிடும். ரிசப்ஷன் முடியவில்லை, அக்காவும் ஊரில் இல்லை. மணப்பெண் அறையில், பூக்கூடைக்கும் சீர்த் தட்டுகளுக்கும் நடுவே, என் வீட்டுக்காரர் முதல் முதலாக எனக்கு ஊசி போட்டார். வாசலில் அத்தை நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, "உள்ள சேலை மாத்தறாங்க, அப்புறம் வாங்க" என்று மாப்பிள்ளையின் அம்மாவையே திருப்பி அனுப்பினார். வெளியே வந்தபோது எந்தக் கால் வலிக்க வேண்டும் என்பதை மறந்து மற்றக் காலை நொண்டிக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஊசி போட்ட இடம் வலித்தது, அப்படியும் சிரித்தேன்.

வீட்டுக்காரருக்கு ஊசியைக் கண்டாலே தலைசுற்றும். சாத்துக்குடியில் குத்திக் குத்திப் பழகினார், அந்தச் சாத்துக்குடிகள் வீணாய்ப் போனதுதான் மிச்சம். குறை என் பக்கம் மட்டும் இல்லை, அவர் பக்கமும் இருந்தது. அதை இங்கே எழுதச் சொன்னதே அவர்தான். 'அவளுக்குத்தான் ஏதோ பிரச்சினை' என்று பேசியவர்களுக்கு அவர் கொடுக்கும் பதில் இது.

இப்போது வைத்திருப்பது ஆவணியில் உறையவைத்த கருக்களில் ஒன்று. இந்தத் தடவை வயிற்றில் ஊசி இல்லை. கரு தங்குவதற்கு மூன்று வேளை மாத்திரை, ராத்திரி இடுப்பில் எண்ணெயில் கரைத்த மருந்து ஊசி. எண்ணெய் கெட்டியாக இருப்பதால் மெதுவாகத்தான் இறங்கும், மறுநாள் கட்டி கட்டியாக நிற்கும். அக்கா வெந்நீர்ப் பையோடுதான் வருகிறார்.

வியாழக்கிழமை என்ன வந்தாலும் யாரும் என்னிடம் கேட்க வேண்டாம். நானே வந்து சொல்கிறேன். சொல்ல முடியவில்லை என்றால் அத்தை சொல்வார், முட்டி எப்படி இருக்கிறது என்று அவரிடம் கேளுங்கள்.

பூத் அண்ணா, உங்கள் ஐஸ் டப்பா இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறது. நாளை பால் வாங்க வரும்போது கொண்டு வருகிறேன்.

மணி ஏழே முக்கால். மருந்துக் குப்பியை உள்ளங்கையில் வைத்துச் சூடாக்க வேண்டும். அக்கா வந்துவிடுவார்.